காலுறைக்கும் ஓய்வு கொடுங்கள்

நள்ளிரவில் குழந்தையின் மூக்கருகே விரல் வைத்து மூச்சைப் பார்க்காத பெற்றோர் உண்டா? அந்தப் பயத்தில் பிறந்ததுதான் கண்காணிப்புக் காலுறை.

உள்ளே இருக்கும் நுட்பத்தை 1970களில் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி கண்டார். சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் தோலுக்குள் பாயும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால், சிவப்பொளி கூடுதலாக உறிஞ்சப்படும். அந்த வித்தியாசமே திறன்பேசியில் எண்ணாகத் தெரிகிறது.

சென்சார் இன்று மலிவு. மின்னணுவியல் படித்த இளம் அப்பாக்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சிக்கல் எங்கே தெரியுமா? பிஞ்சுக் கால் உதைக்கும்! ஓர் உதையில் அளவு தடுமாறி, கருவி வீணாக அலறும். நாலு முறை வீணாக அலறினால், ஐந்தாவது முறை எழுந்திருக்க மனம் வருமா?

கடையில் வாங்கினாலும் கவனம் தேவை. பிரபலமான ஆவ்லெட் காலுறைக்கே, அனுமதி பெறவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2023இல்தான் புதிய வடிவத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனாலும், திடீர் மரணத்தைத் தடுக்க இத்தகைய கருவிகளை நம்ப வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம்.

வேறு எதை நம்புவது? 1994இல் அமெரிக்காவில் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கும் இயக்கம் தொடங்கியது. சில ஆண்டுகளில் அத்தகைய மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகின.

“குப்புறப் போட்டால் நல்லாத் தூங்கும்” என்று பாட்டி சொன்னால், அன்பாக மறுத்துவிடுங்கள். கெட்டியான, சமமான மெத்தை போதும். தலையணை, திண்டு, பொம்மை எதுவும் வேண்டாம்.

இதற்கு மின்கலமும் தேவையில்லை, வெள்ளியும் செலவில்லை.