கரடிக்கு முந்நூறு மீட்டர்

நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகள். சின்னக் கப்பலில் ஒரு வாரம் சுற்றிப் பனிக்கரடி காட்டுகிறார்கள். டிக்கெட் பல லட்சம் (சாப்பாடு உள்பட!). 2025 ஜனவரியிலிருந்து அங்கே புதுச் சட்டம். 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் காப்புப் பகுதிகளுக்குள் நுழையக்கூடாது. கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்கணும்; மார்ச் முதல் ஜூன் வரை 500. அந்தத் தூரத்தில் கரடி என்பது வெள்ளை வேட்டியில் சிந்திய மோர். 'இதுக்கா இவ்வளவு காசு?' என்று என் பி.காம். மூளை கேட்கிறது.

ஆனால், 2018 ஜூலையில் நடந்தது என்ன? பயணிகளை இறக்குமுன் கரையைப் பார்த்துவரப் போன காவலர்களில் ஒருவரைக் கரடி தாக்கியது. சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கரடியா கப்பலேறி வந்தது? 300 மீட்டர் ரொம்ப நியாயம். போகிறவர்கள் நல்ல பைனாகுலராகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், சார்.