வக்கீலும் இல்லை, வாய்தாவும் இல்லை!

சட்டக் கல்லூரி ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். ‘‘சார், ரவுடியை குண்டாஸ்ல போட்டா உங்களுக்கு என்ன கஷ்டம்? ஊர் நிம்மதியா இருக்குமே?’’ பலத்த கைதட்டல். என் பேச்சுக்குக்கூட அவ்வளவு கிடைக்கவில்லை!

கைதட்டியவர்கள் நாளைய வக்கீல்கள். சிலர் நீதிபதியாகவும் ஆவார்கள். அதனால்தான் இந்த வாரம் இந்தப் பாடம்.

‘குண்டாஸ்’ என்று நாம் செல்லமாகச் சொல்வது, 1982ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த தமிழ்நாடு சட்டம் 14. கள்ளச்சாராயம், போதைப்பொருள், குண்டர்கள், விபசாரத் தொழில் நடத்துபவர்கள், குடிசைப்பகுதி நிலத்தை அபகரிப்பவர்கள் என்று ஆரம்பித்தது. 2004ல் திருட்டு வி.சி.டி.காரர்கள் சேர்ந்தார்கள். பிறகு மணல் கொள்ளையர்கள். 2014ல் சைபர் குற்றவாளிகளும் பாலியல் குற்றவாளிகளும். ஆட்சிகள் மாறின. பட்டியல் நீண்டதே தவிர, சுருங்கவில்லை.

இது தண்டனைச் சட்டமே இல்லை. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. செய்த தப்புக்காக உள்ளே போடுவதில்லை. இனிமேல் செய்வான் என்று கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ முடிவு செய்தால் போதும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தரவேண்டும். 3 வாரத்துக்குள் விவகாரம் அறிவுரைக் கழகத்துக்குப் போகவேண்டும். காவலில் வைத்த நாளிலிருந்து 7 வாரத்துக்குள் கழகம் கருத்து சொல்லவேண்டும். அது தலையாட்டிவிட்டால் ஒரு வருஷம் வரை ஜெயில்.

சாட்சி? குறுக்கு விசாரணை? தீர்ப்பு? எதுவும் கிடையாது. அறிவுரைக் கழகத்தின் முன்னால் வக்கீல் வைத்து வாதாடும் உரிமையும் இல்லை. பிக்பாக்கெட்காரனைப் பிடித்தால்கூட 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். தடுப்புக் காவல் கைதிக்கு அந்த உரிமை இல்லை என்று அரசியல் சட்டத்தின் 22வது பிரிவே சொல்கிறது.

இதையே 1919ல் வெள்ளைக்காரன் செய்தான். ரௌலட் சட்டம் என்று பெயர். அதை எதிர்த்து நாடு முழுக்க ஹர்த்தால் நடத்தலாம் என்ற யோசனை காந்திக்கு எங்கே வந்தது தெரியுமா? சென்னையில், ராஜாஜி வீட்டில் தங்கியிருந்தபோது. அந்தச் சென்னையைத் தலைநகராகக் கொண்ட மாநிலம்தான், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 சிறைப் புள்ளிவிவரப்படி, தடுப்புக் காவல் கைதிகள் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம்.

‘‘கோர்ட்தான் இருக்கிறதே?’’ என்பீர்கள். இருக்கிறது. 1965லேயே ராம் மனோகர் லோஹியா வழக்கில் சுப்ரீம் கோர்ட் வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டிவிட்டது. தெருவில் இரண்டு பேர் அடித்துக்கொண்டால் அது சட்டம் ஒழுங்கு. ஊரே பயந்து கதவைச் சாத்தினால்தான் பொது ஒழுங்கு. குண்டாஸ் போட இரண்டாவது வேண்டும். 2011ல் ரேகா வழக்கில், சாதாரணச் சட்டமே போதும் என்றால் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்றது. அதுவும் நம் தமிழ்நாட்டு வழக்குதான். 2024ல், அறிவுரைக் கழகங்கள் வெறும் ரப்பர் ஸ்டாம்ப் ஆகக்கூடாது என்று தெலங்கானா வழக்கு ஒன்றில் சொன்னது.

நடப்பது என்ன? ஏற்கெனவே ஜெயிலில் இருப்பவன் ஜாமீனில் வரப்போகிறான் என்று ஒரு வரி எழுதி குண்டாஸ் ஆர்டர் போடுகிறார்கள். வீட்டுக்காரர்கள் ஹைகோர்ட்டுக்கு ஆட்கொணர்வு மனுவோடு ஓடுகிறார்கள். மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகலைப் படிக்க முடியவில்லை, மொழிபெயர்ப்பு தரவில்லை... ஆர்டர் ரத்து! அதற்குள் பல மாதம் போயிருக்கும். அப்பாவிக்கு அந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்? நிஜ ரவுடியோ, ‘‘ஹைகோர்ட்டே விட்டுருச்சு’’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வருகிறான். அவன் செய்த குற்றத்துக்கான ஒரிஜினல் வழக்கு தூசி படிந்து தூங்குகிறது.

ரவுடிக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு உதாரணம். 2017ல் அ.தி.மு.க. ஆட்சி. மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்தப்போன திருமுருகன் காந்தி மீது குண்டாஸ். ஹைகோர்ட் ரத்து செய்தது. 2023ல் தி.மு.க. ஆட்சி. செய்யாறு சிப்காட்டுக்கு நிலம் தரமாட்டோம் என்று போராடியவர்களில் ஏழு பேர் மீது குண்டாஸ். எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர் மீதான ஆர்டரை அரசே ரத்து செய்தது. நாட்டுக்கு ஆபத்தானவர்கள் ஒரே வாரத்தில் நல்லவர்களாகிவிட்டார்களா என்ன?

‘‘அப்போ சாட்சிகளை மிரட்டுற ரவுடியை என்ன செய்யறது?’’ நியாயமான கேள்வி. ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனுப்போடு. நன்னடத்தைப் பிணை வாங்கு. சுப்ரீம் கோர்ட் 2018ல் ஒப்புதல் தந்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நிஜமாக நடத்து. வழக்கைச் சீக்கிரம் முடித்துத் தண்டனை வாங்கிக் கொடு. இதற்கெல்லாம் போலீஸ் உழைக்கவேண்டும். குண்டாஸுக்குக் கையெழுத்து போதும்!

கடைசியாக ஒரு தேசிய ரகசியம். எமர்ஜென்சியில் சூடுபட்ட பிறகு, 1978ல் பார்லிமென்ட் 44வது திருத்தம் கொண்டுவந்தது. அறிவுரைக் கழகம் சம்மதிக்காமல் ஒருவரை வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. கழகத்தின் தலைவர் பதவியிலிருக்கும் ஹைகோர்ட் நீதிபதியாக இருக்கவேண்டும் என்றது. திருத்தம் நிறைவேறியது, ஜனாதிபதியும் கையெழுத்துப் போட்டார். ஆனால், அந்த ஒரு பிரிவை மட்டும் அமலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பை இன்றுவரை எந்த மத்திய அரசும் வெளியிடவில்லை. அமல்படுத்தும்படி அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1981ல் ஏ.கே.ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் கைவிரித்துவிட்டது. ஜனதா, காங்கிரஸ், பி.ஜே.பி., கூட்டணிகள்... இந்த விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

அந்தப் பையனுக்கு என் பதில் இதுதான். தம்பி, உன் சிலபஸில் ஏ.கே.கோபாலன் வழக்கு இருக்கும். 1950ல் மெட்ராஸ் மாநிலம் விசாரணையில்லாமல் அடைத்து வைத்த கம்யூனிஸ்ட் தலைவர் அவர். பாஸ் மார்க்குக்காக மட்டும் அதைப் படிக்காதே. நாளைக்கு உன் ஆபீஸ் வாசலில் ஒரு அம்மா, படிக்க முடியாத ஜெராக்ஸ் காப்பிக் கட்டோடு வந்து நிற்பார். ‘‘எம் புள்ள என்ன தப்பு பண்ணான்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க சார்’’ என்பார்.

அப்போது கைதட்ட முடியுமா, பார்!