நாளேடும் நல்லறிவும்

உலகம் ஒருநாளும் ஓய்ந்திருப்பதில்லை. ஓர் ஊரில் மழை பொழிகிறது. மற்றோர் ஊரில் வறட்சி வாட்டுகிறது. ஒரு மன்றத்தில் புதிய சட்டம் பிறக்கிறது. ஓர் ஆய்வுக் கூடத்தில் புதிய உண்மை வெளிப்படுகிறது. இவற்றையெல்லாம் நாள்தோறும் வீட்டு வாயிலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது நாளேடு. அதனைப் படித்து நாட்டு நடப்பை உணர்ந்திருத்தல் கற்றவர் கடமை. அரசுப் பணியை நாடுவோர்க்கோ அது கடமை மட்டுமன்று. தேர்வில் வெற்றி பெற இன்றியமையாத தகுதியும் ஆகும்.

போட்டித் தேர்வு நடத்தி அரசுப் பணிக்கு ஆள் தேரும் முறை பழமையானது. 1855-ஆம் ஆண்டில் இந்தியக் குடிமைப் பணிக்கான போட்டித் தேர்வு இலண்டன் மாநகரில் தொடங்கியது. கடல் கடந்து செல்லும் வசதி படைத்தோரே அன்று இந்தியாவிலிருந்து சென்று அதனை எழுத முடிந்தது. 1863-இல் வங்காளத்தைச் சேர்ந்த சத்தியேந்திரநாத் தாகூர் அதில் வென்ற முதல் இந்தியர் ஆனார். 1922 முதல் அத்தேர்வு இந்திய மண்ணிலும் நடைபெறலாயிற்று. மாகாணங்களுள் முதன்முதல் பணித் தேர்வாணையம் கண்டது சென்னை மாகாணமே, அவ்வாண்டு 1929. இன்று உழவர் மகனும் நெசவாளர் மகளும் அருகிலுள்ள நகரத்திலேயே அமர்ந்து தேர்வு எழுதுகின்றனர். கதவு திறந்திருக்கிறது, உள்ளே புகுவதற்கு வேண்டுவது அறிவு ஒன்றே.

அவ்வறிவை அளக்கும் கருவிகளுள் ஒன்று பொது அறிவுத் தாள். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணி முதனிலைத் தேர்வில், பொது அறிவுத் தாளில் 100 வினாக்கள் உள்ளன. விடையளிக்க இரண்டு மணி நேரமே உண்டு. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அவ்வினாவிற்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். ஆதலின், ஊகித்து எழுதுபவன் தான் ஈட்டியதையும் இழக்க நேரும். அதனைக் கடந்தோர் எழுதும் முதன்மைத் தேர்விலோ பொது அறிவுக்கு 250 மதிப்பெண் வீதம் நான்கு தாள்கள் உள்ளன. அவற்றிற்குத் தமிழிலேயே விரிவாக விடை எழுதலாம். வரலாறு, புவியியல், அரசியலமைப்பு, பொருளாதாரம், அறிவியல் ஆகியவற்றோடு நாட்டு நடப்பும் இத்தாள்களில் இழையோடி நிற்கும்.

இத்தேர்விற்கு மாணவர் பலர் ஆயத்தமாகும் முறை வருந்தத் தக்கது. எந்தப் பதவியில் யார் அமர்ந்தார், எந்த விருதை எவர் பெற்றார், எந்த மாநாடு எங்கே கூடியது என்று பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்த மறுவாரமே அப்பட்டியல் மறந்துபோகிறது. மறவாமல் வைத்திருப்பினும் பயன் சிறிதே. ஏனெனில் பதவியில் இருப்போர் மாறுவர், விருதும் ஆண்டுதோறும் வேறொருவரைச் சேரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி இவ்வகைப் படிப்பிற்கு முற்றும் பொருந்தும். நினைவாற்றல் வேண்டுவதில்லை என்பது இதன் கருத்தன்று. பெயரும் ஆண்டும் எண்ணும் தேவையே. ஆயினும் அவை சுவருக்குச் செங்கல் போன்றவை. காரணமும் விளைவும் ஆகிய சாந்து கொண்டு இணைத்தாலன்றிச் செங்கற் குவியல் வீடாகாது.

காவிரி நீர் பற்றிய செய்தி ஒன்று நாளேட்டில் வெளிவருவதாகக் கொள்க. பட்டியல் படிப்பவன் 177.25 டி.எம்.சி. என்னும் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு அப்பால் செல்வான். ஆராய்ந்து படிப்பவன் அவ்வெண்ணை நிறுத்தி வினவுவான். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி என அறிவான். சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1924-இல் செய்துகொண்ட உடன்பாட்டையும், 1990-இல் அமைந்த நடுவர் மன்றத்தையும் வரலாறு அவனுக்குக் காட்டும். பிலிகுண்டுலு என்னுமிடத்தில் ஆண்டுதோறும் 192 டி.எம்.சி. கிடைக்கவேண்டும் என்று 2007-இல் அம்மன்றம் கூறியதும், 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை 177.25 ஆகக் குறைத்ததும் அவனுக்குத் தெரியவரும். ஏன் குறைந்தது? தமிழ்நாட்டின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி. கணக்கில் கொள்ளப்பட்டது, பெங்களூரு நகரின் குடிநீர்த் தேவை முதலியவற்றிற்கு 4.75 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது.

அவன் இத்துடன் நில்லான். காவிரியின் தலைப்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை சூன் முதல் செப்டம்பர் வரை நீர் தருகிறது. காவிரிப் படுகைக்கோ பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பெய்கிறது. ஆகவே சூன் மாதத்தில் குறுவை விதைக்கும் தஞ்சை உழவர் மேட்டூர் அணையின் நீரை எதிர்நோக்கி நிற்கின்றனர். சூன் 12-ஆம் நாள் அவ்வணையைத் திறக்கும் வழக்கம் இதனால் எழுந்ததே. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆற்றுநீர்ப் பூசல்களைத் தீர்க்க வழிசெய்வது அரசியலமைப்பின் 262-ஆம் உறுப்பு. ஒரே செய்தி வரலாறாய், புவியியலாய், உழவாய், சட்டமாய் விரிந்ததைக் காண்க! இவ்வாறு கற்றவனிடம் தேர்வாளர் எப்பக்கத்திலிருந்து வினவினாலும் அவன் கலங்கமாட்டான்.

அறிவியல் செய்திக்கும் இம்முறை ஏற்றதே. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்முனை அருகே மெல்லத் தரையிறங்கியது. நாளை மட்டும் மனப்பாடம் செய்தவன் நாளை மட்டுமே அறிவான். ஏன் தென்முனை என்று வினவியவனோ, அங்குக் கதிரொளி படாத ஆழ்குழிகளில் நீர் பனிக்கட்டியாய் உறைந்திருக்கலாம் என அறிஞர் கருதுவதை அறிவான். 2019-இல் சந்திரயான்-2 அனுப்பிய தரையிறங்கு கலம் வீழ்ந்து சிதைந்ததையும், அத்தவற்றை ஆராய்ந்து திருத்தியே அடுத்த கலம் அமைக்கப்பட்டதையும் உணர்வான். தோல்வியைக் கற்றுத் துணையாக்கிய அவ்வரலாறு தேர்வுத்தாளுக்கு மட்டுமன்றி, தேர்வு எழுதும் மாணவன் வாழ்வுக்கும் பயன்படும்.

உணர்ந்து கற்ற கல்வி உயிரையும் காக்கும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபொழுது, தாய்லாந்துக் கடற்கரை ஒன்றில் பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி பெற்றோருடன் இருந்தாள். கடல்நீர் நுரைத்துப் பொங்கிய தோற்றத்தைக் கண்டதும், இரு வாரங்களுக்கு முன் வகுப்பில் கேட்ட புவியியல் பாடம் அவள் நினைவிற்கு வந்தது. உடனே அவள் பெற்றோரை எச்சரித்தாள். செய்தி பரவிக் கடற்கரையிலிருந்தோர் விலகி உயிர் தப்பினர். பாடத்தை அவள் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்திருந்தால், கண்முன் நிகழ்ந்ததோடு அதனைப் பொருத்திப் பார்த்திருப்பாளா? நாளை ஒரு மாவட்டத்தின் நலத்தைக் காக்க வேண்டிய அலுவலரிடம் நாடு எதிர்பார்ப்பதும் இவ்வாறு பொருத்திப் பார்க்கும் ஆற்றலையே அன்றோ?

அவ்வாற்றலைப் பெறும் வழி கடினமானதன்று. நாள்தோறும் ஒரு மணி நேரம் நாளேட்டிற்கு ஒதுக்குதல் வேண்டும். அருகில் நிலப்படமும் அகராதியும் இருத்தல் நன்று. செய்தியில் வரும் ஊரை நிலப்படத்தில் காணாமல் அடுத்த செய்திக்குச் செல்லலாகாது. என்ன நிகழ்ந்தது, ஏன் நிகழ்ந்தது, அதனால் யாருக்கு என்ன விளைந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையைத் தம் சொற்களிலேயே குறிப்பேட்டில் சுருக்கமாக எழுதவேண்டும். ஆட்சி, பொருளியல், அறிவியல், சுற்றுப்புறம் எனக் குறிப்புகளைத் துறைவாரியாகப் பிரித்தல் திருப்பிப் பார்க்க எளிது. வார இறுதியில் நண்பர் நால்வர் கூடி ஒருவரையொருவர் வினவுதல் நினைவை உறுதிப்படுத்தும். செய்தி வேறு, அதனைப் பற்றிய கருத்து வேறு என்பதையும் மறத்தலாகாது. ஒரே நிகழ்ச்சியை இரண்டு ஏடுகளில் படித்து ஒப்பிடுபவன் இவ்வேறுபாட்டை விரைவில் உணர்வான். கைப்பேசியில் நொடிதோறும் வந்து குவியும் வதந்திகளுக்கும் அவன் இரையாகான்.

பொருள் கொடுத்துத் தனிப்பயிற்சி பெற இயலாதார் என் செய்வர் என்று சிலர் கேட்பர். பயிற்சி நிலையங்கள் உதவுவன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றில் சேராதோர்க்கு வழியில்லை என்று எண்ணுவது தவறு. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய பெருமை சென்னை மாகாணத்திற்கே உரியது. அச்சட்டம் 1948-இல் பிறந்தது. சீர்காழியில் தோன்றிய நூலக அறிஞர் இரங்கநாதன் அதற்காக உழைத்தார். ஏழை மாணவனும் செல்வர் மகனும் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே நாளேட்டைப் படிக்கவேண்டும் என்பதே பொது நூலகத்தின் நோக்கம். அடிப்படைக்குப் பள்ளிப் பாடநூல்களே போதுமானவை. வகுப்பில் கற்ற புவியியலும் குடிமையியலும் அறியாமல் நாளேட்டைப் படிப்பது, எழுத்தறியாமல் ஏட்டைப் புரட்டுவது போலாம்.

மற்றுமோர் உண்மையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2023-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்விற்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டோர் 1,016 பேரே. எஞ்சியோர் நிலை யாது? பட்டியலை மட்டும் நெட்டுருச் செய்து ஆண்டுகளைக் கழித்தவர்க்கு, முடிவு வெளியானதும் கையில் மிஞ்சுவது ஏமாற்றமே. நாட்டையும் உலகையும் உணர்ந்து படித்தவரோ பணி கிட்டாவிடினும் அறிவை இழப்பதில்லை. அவர் ஆசிரியராகலாம், வணிகராகலாம், உழவராகலாம்; எங்கிருப்பினும் ஊராட்சியின் வரவுசெலவை வினவவும், வாக்குரிமையைச் சிந்தித்துச் செலுத்தவும், அண்டை வீட்டார்க்கு உரிய அரசு உதவியை எடுத்துரைக்கவும் வல்லவராவார். பணி சிலர்க்கே வாய்க்கும். குடிமக்களாக வாழ்வது அனைவர்க்கும் உரியது.

ஆகவே, நாட்டு நடப்பறிதல் தேர்வுக்கு முந்திய சில திங்களில் அவசரமாக விழுங்கும் மருந்தன்று. நாள்தோறும் உண்ணும் உணவு போன்றது. சிறுதுளி பெருவெள்ளம் என்பர். பள்ளிப் பருவத்திலேயே ஒருநாளைக்கு ஒரு செய்தியை ஆராய்ந்து குறிப்பெடுக்கும் மாணவன், ஐந்தாண்டில் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட செய்திகளை உணர்ந்தவன் ஆவான். அவனுக்குத் தேர்வு அச்சம் தருவதன்று. கற்றதை எடுத்துரைக்கக் கிடைத்த நல்வாய்ப்பே ஆகும்.