பன்னிரு வண்ணக் கண்

மாண்டிஸ் இறாலின் கண்ணைப் பற்றி நம்மில் பலர் ஒரு வரியேனும் வியந்து எழுதியிருப்போம். மனிதக் கண்ணில் நிறமறியும் செல்கள் 3 வகை. கும்பிடுபூச்சியைப் போல் முன்கால்களை மடக்கி வைத்திருக்கும் இக்கடல் உயிரின் கண்ணிலோ 12 வகை. ஆகவே நாம் கனவிலும் காணாத வண்ணங்களில் அது உலகைக் காண்கிறது என்று முடிவுகட்டிவிட்டோம். மனிதப் பார்வையின் போதாமையைச் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அது உவமையாக வந்து நின்றது.

2014இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இவ்வியப்பைக் கலைத்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்னே தோன், ஜஸ்டின் மார்ஷல் முதலானோர், குறிப்பிட்ட நிறத்தை நாடினால் உணவு கிடைக்கும் என இவ்வுயிர்களைப் பழக்கி, பின்னர் அதனருகே வேறு நிறங்களைக் காட்டிச் சோதித்தனர். அலைநீளத்தில் 1 முதல் 4 நானோமீட்டர் வேறுபாட்டையே மனிதக் கண் பிரித்தறியும். இவற்றுக்கோ 12 முதல் 25 நானோமீட்டர் இடைவெளி தேவைப்பட்டது.

காரணம் என்ன? நம் பார்வை மூவகைச் செல்களின் சைகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நிறத்தைக் கணிக்கிறது. இவ்வுயிர் அவ்வாறு ஒப்பிடாமல், கண்ணை அசைத்துப் பொருளை வருடி, எந்தெந்தச் செல்கள் தூண்டப்பட்டன என்பதைக் கொண்டே நிறத்தை அடையாளம் காண்கிறது என்பது ஆய்வாளர் முன்வைத்த விளக்கம். நுட்பத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிய கண் அது. நொடிப்பொழுதில் இரையை அடித்து வீழ்த்தும் உயிருக்கு அதுவே உகந்தது.

இது கவிஞனுக்கு ஏமாற்றமா? நாம் அப்படிக் கருதவில்லை. பழைய வியப்பில் நாம் கண்டது நம்மையே. நம் கண்ணை நான்கால் பெருக்கிவிட்டு அதனைக் கடலின் அற்புதம் என்றோம். மெய்யான அற்புதம் வேறிடத்தில் இருக்கிறது. அதிரும் திசை சுழன்றபடியே முன்னேறும் ஒளியில் இடஞ்சுழி எது, வலஞ்சுழி எது என்று மாண்டிஸ் இறாலின் ஓர் இனம் பிரித்தறிவதை 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நம் வெறுங்கண்ணுக்கு அவ்விரண்டும் ஒன்றே. இதை எந்தப் பெருக்கலாலும் எட்ட முடியாது.

மங்கையர் கண்ணுக்குக் கயலை உவமை சொன்ன நம் முன்னோர் கயலைக் கண்டவர்கள். நாமோ காணாத உயிரைக் கட்டுரைகளிலிருந்து கடன் வாங்குகிறோம். அந்தக் கட்டுரை திருத்தப்படும்போது நம் உவமையும் திருந்த வேண்டும் என்பதே நம் கட்சி. அறிவியலுக்கு நாம் செய்யும் சலுகையன்று அது. உவமைக்குச் செய்யும் மரியாதை.