ஆயுள் பிளாட்டினம்: யாருடைய ஆயுள்?

2005-ம் வருடக் கடைசியில் 'லைஃப்டைம் ப்ரீபெய்டு' என்று ஒன்று வந்தது. 999 ரூபாய் கட்டினால் ஆயுள் முழுக்க இன்கமிங் இலவசம். இன்றைக்குக் கல்லூரியில் இருப்பவர்கள் அப்போது தொட்டிலில் கிடந்திருப்பார்கள், அல்லது பிறந்தே இருக்க மாட்டார்கள். வீட்டில் அப்பாவைக் கேட்டால் சொல்வார். அன்றைக்கு நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. 'ஆயுள்' என்றால் யாருடைய ஆயுள்? வாடிக்கையாளருடையது இல்லை. கம்பெனியின் லைசென்ஸ் எத்தனை வருடமோ அதுதான் ஆயுள் என்பது டிராய் தலையிட்ட பிறகுதான் பலருக்கும் புரிந்தது. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் எந்தத் தெருவில் பார்த்தாலும் போர்டு வைத்திருந்த ஏர்செல், 2018-ல் திவால் மனு போட்டது. அதே வருடக் கடைசியில் மற்ற பெரிய கம்பெனிகள் 28 நாளைக்கு ஒரு முறை 35 ரூபாயாவது போடச் சொல்ல ஆரம்பித்தன. அத்தோடு 'லைஃப்டைம்' என்ற பேச்சே காணாமல் போனது. ஆயுள் முடிந்தது சிம் கார்டுக்கு. வாங்கியவர் நன்றாகத்தான் இருக்கிறார்!

அதே வார்த்தை இப்போது நட்சத்திர ஓட்டல்களின் வாசலில் நிற்கிறது. 'லைஃப்டைம் எலைட்' என்கிறார்கள். இந்த வலையில் மாட்டுபவர்கள் கோடீஸ்வரர்கள் இல்லை. பாளையங்கோட்டையில் படித்து, கன்சல்டிங், சாஃப்ட்வேர், மருந்துக் கம்பெனி என்று ஊர் ஊராகச் சுற்றும் நம் பக்கத்துப் பையன்கள்தான். அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பறக்கும் மைலுக்குப் பாயிண்ட் கொடுக்கத் தொடங்கியது. 1983-ல் ஹாலிடே இன், மாரியட் போன்ற ஓட்டல்களும் அதே வழியில் இறங்கின. வருடத்துக்கு இத்தனை இரவு தங்கினால் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிப்படியாக அந்தஸ்து. மாரியட் பான்வாய் திட்டத்தில் தங்கத்துக்கு 25 இரவு, பிளாட்டினத்துக்கு 50 இரவு. அடுத்த வருடம் தங்கவில்லை என்றால் அந்தஸ்து இறங்கிவிடும். பரமபத விளையாட்டு மாதிரிதான். ஆனால் இந்த ஆட்டத்தில் பாம்பே கடிக்காத ஒரு கட்டம் இருக்கிறது. மொத்தம் 400 இரவும் தங்க அந்தஸ்தில் அல்லது அதற்கு மேல் 7 வருடமும் இருந்தால் ஆயுளுக்கும் தங்கம். 600 இரவும் பிளாட்டினத்தில் 10 வருடமும் இருந்தால் ஆயுளுக்கும் பிளாட்டினம். ஹயாத் திட்டத்தில் இரவுக் கணக்கு இல்லை. 10 லட்சம் அடிப்படைப் பாயிண்ட் வேண்டும். டாலருக்கு 5 பாயிண்ட் என்பதால் 2 லட்சம் டாலர் செலவு செய்திருக்க வேண்டும்.

இனி ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 38. சொந்த ஊர் பாளையங்கோட்டை, வேலையும் வீடும் சென்னையில். இதுவரை 412 இரவு, பிளாட்டினத்தில் 7 வருடம். எல்லாம் ஆபீஸ் காசு. ஆயுள் தங்கம் ஏற்கெனவே கையில் வந்துவிட்டது. ஆயுள் பிளாட்டினத்துக்கு இன்னும் 3 வருடமும் 188 இரவும் பாக்கி. இந்த நேரம் பார்த்து கம்பெனி, "எல்லா மீட்டிங்குக்கும் நேரில் போக வேண்டாம், வீடியோ காலில் பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறது. இனி வருடத்துக்கு 30 இரவுதான் வெளியூர். மூன்று வருடத்தில் 90. பாக்கி 98 இரவுகளைச் சொந்தக் காசில்தான் தங்கியாக வேண்டும்.

தங்குவதா, விடுவதா? கேள்வி இதுதான்.

வரியோடு சேர்த்து ஒரு இரவுக்கு 6000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 98 இரவுக்கு 5,88,000 ரூபாய். பதிலுக்கு என்ன கிடைக்கும்? பாயிண்ட் கொஞ்சம் திரும்பி வரும். தங்கத்தை விடப் பிளாட்டினத்தில் கூடுதலாகக் கிடைப்பவை: பல ஓட்டல்களில் காலைச் சாப்பாடு இலவசம், லவுஞ்ச் இருக்கிற இடத்தில் லவுஞ்ச், சாயங்காலம் 4 மணி வரை அறையைக் காலி செய்யாமல் இருக்கலாம், 'இருந்தால்' பெரிய அறை. (அந்த 'இருந்தால்' ரொம்ப முக்கியம்.) இவற்றில் காசாக எண்ண முடிவது காலைச் சாப்பாடுதான். இரண்டு பேருக்கு 2000 ரூபாய், வருடத்துக்கு 10 இரவு சொந்தமாகச் சுற்றுலா போகிறார் என்றால் 20,000 ரூபாய். அப்படியானால் போட்ட பணத்தை இட்லியாகவும் ஆம்லெட்டாகவும் திரும்ப எடுக்க 29 வருடம் ஆகும். திரும்பி வரும் பாயிண்டுகளுக்கு 60,000 ரூபாய் கழித்தாலும் 26 வருடம். 41 வயதில் ஆயுள் பிளாட்டினம் ஆகிறவருக்கு அப்போது 67 வயது. சர்க்கரை வியாதி வந்திருந்தால் அந்த பஃபேயில் பாதியைத் தொடவே முடியாது!

அதே 5,88,000 ரூபாயை 6 சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் போட்டால் வருடத்துக்கு 35,280 ரூபாய் வரும். 30 சதவீதம் வரி போனாலும் 24,000-க்கு மேல் மிஞ்சும். வட்டியிலேயே அந்த 10 காலைச் சாப்பாட்டையும் காசு கொடுத்துச் சாப்பிடலாம். அசல் அப்படியே இருக்கும். பிடித்த ஓட்டலில் சாப்பிடலாம், பிடிக்காவிட்டால் எதிர்க் கடையில் பூரி கிழங்கு சாப்பிடலாம். ஆக, அந்த ஓட்டல் ஆயுளுக்கும் கொடுக்கிறேன் என்கிற இலவசத்தை, அதற்குக் கேட்கிற விலையின் வட்டியிலேயே வாங்கிவிட முடிகிறது.

பணத்தையாவது திரும்பச் சம்பாதிக்கலாம். இரவுகளை என்ன செய்வது? வார நாட்களில் ஆபீஸ். எனவே அந்த 98 இரவுகளும் பெரும்பாலும் வார இறுதியில்தான் வர வேண்டும். வெள்ளி, சனி என்று இரண்டிரண்டாகக் கழித்தாலும் 49 வார இறுதிகள். மூன்று வருடத்தில் இருப்பதே 156 வார இறுதிகள்தான். கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று போய்விடும். சொந்த வீடு இருக்கும் ஊரிலேயே காலிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டலில் ரூம் போட்டு, கணக்கில் ஒரு இரவு ஏறியதும் மறுநாள் திரும்பி வருவது... அமெரிக்காவில் இதற்கு 'மேட்ரஸ் ரன்' என்று தனிப் பெயரே உண்டு. மெத்தையை நோக்கி ஓட்டம்! வீட்டு மெத்தை சும்மா கிடக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் திருநெல்வேலி ஜங்ஷன். குறுக்குத்துறையில் ஒரு முழுக்கு, வீட்டுச் சாப்பாடு, மத்தியானத் தூக்கம், ஞாயிறு ராத்திரி திரும்ப ரயில். அம்மா போனில், "எய்யா, இந்த வாரமாவது வாரியா?" என்று கேட்கும்போது, "இல்லம்மா, இந்த வாரம் ஒரு ஓட்டல்ல தங்கணும்" என்று எந்தப் பிள்ளையால் காரணம் சொல்ல முடியும்? அதனால், "ஆபீஸ் வேலைம்மா" என்று ஒரு பொய். 49 வார இறுதிக்கு 49 பொய். இந்தச் செலவை எந்த ஆப்பும் கணக்கில் காட்டுவதில்லை.

'அம்மாவையும் ஓட்டலுக்கே கூட்டிக்கொண்டு போகலாமே' என்று கேட்கலாம். தாராளமாகப் போகலாம். அது நல்ல சுற்றுலா. ஆனால் அந்தச் சுற்றுலாவுக்கு எந்த ஊர், எந்த ஓட்டல் என்பதை அம்மா முடிவு செய்யட்டும், அட்டை முடிவு செய்ய வேண்டாம். அம்மா திருச்செந்தூர் என்று சொன்னால் பாயிண்ட் வருமா என்று ஆப்பைத் திறந்து பார்க்கக் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அந்தஸ்தைத் தேடுகிறவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று முடிவு கட்டுவதும் நியாயம் இல்லை. ஊரிலிருந்து ஒரு பெட்டியோடு சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேரோடு ஒரு அறையில் கிடந்தவனுக்கு, பத்து வருடம் கழித்து பளிங்குத் தரை வரவேற்பறையில் பெயர் சொல்லி, "வெல்கம் பேக் சார்" என்றால் மனசு குளிரத்தான் செய்யும். கோயில் கொடையில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு என்று ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்ட கதைகள் நம் பக்கம் எத்தனை! மரியாதைக்கு ஏங்குவது மனித குணம். அதைக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கும் மரியாதைக்கு விதிமுறைப் புத்தகம் உண்டு, அதை எழுதுகிறவர் எப்போதும் கடைக்காரர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தப் புத்தகம் மாறிக்கொண்டே இருக்கிறது. மாரியட் 2016-ல் ஸ்டார்வுட் கம்பெனியை வாங்கியது, 2018-ல் இரண்டு திட்டங்களையும் ஒன்றாக்கியது. அதில் பிளாட்டினத்துக்கும் மேலே 'டைட்டானியம்' என்ற ஆயுள் அந்தஸ்து, 2018 முடிவுக்குள் 750 இரவும் மற்றத் தகுதிகளும் முடித்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது. வாங்கியவர்களிடமிருந்து பிடுங்கவில்லை, அது பாராட்ட வேண்டியதுதான். ஆனால் 700 இரவோடு நின்றவருக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. 2022-ல் எந்த ஓட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்ற நிலையான பட்டியலும் போய், விலை நாளுக்கு நாள் மாறத் தொடங்கியது. இன்னொரு பழைய கதையும் உண்டு. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2.5 லட்சம் டாலருக்கு 'ஆயுள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் முதல் வகுப்பில் பறக்கலாம்' என்று ஒரு பாஸ் விற்றது. 2008-ல் அதிகமாகப் பறந்த இரண்டு பேருடைய பாஸை, முறைகேடு செய்தார்கள் என்று சொல்லி கம்பெனியே ரத்து செய்ய, விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எல்லோரும் விஐபி ஆகிவிட்டால் யார்தான் விஐபி? விசேஷ நாளில் கோயிலில் கட்டண தரிசன வரிசை பார்த்திருப்பீர்கள். சீட்டு வாங்கியவர்களே தெருக்கோடி வரை நிற்பார்கள். கிரெடிட் கார்டு வாங்கினாலே சில இரவுகள் கணக்கில் ஏறும் காலம் இது. 2023-ல் இந்தியாவில் வந்த ஒரு மாரியட் கார்டே வருடத்துக்கு 10 இரவு கொடுக்கிறது. உள்ளே வரும் வழி அதிகமானால் உள்ளே நெரிசலும் அதிகமாகும். பெரிய அறை ஒன்றுதான் இருக்கிறது, பிளாட்டினம் பத்துப் பேர் வந்திருக்கிறார்கள் என்றால் ஒன்பது பேருக்குச் சாதாரண அறைதான்.

சரி, அட்டையை எடுத்துக்கொண்டு நம் ஊருக்கு வந்தால்? பாபநாசத்தில் இறங்கி அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணி போகும் பாதையில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வருகிறவர்கள் தங்குவது பெரும்பாலும் உள்ளூர் முதலாளிகளின் லாட்ஜுகளில்தான். அங்கே பிளாட்டினமும் ஒன்றுதான், பழைய ரேஷன் கார்டும் ஒன்றுதான். ஆனால் வருடா வருடம் வருகிறவரைக் கவுன்ட்டரில் இருப்பவருக்கு முகம் தெரியும். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம் அல்வாவுக்கு நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். முப்பது வருடமாக வாங்குகிறவருக்குத் தனி வரிசை கிடையாது, பாயிண்ட் கிடையாது. ஆனாலும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். சரக்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆயுள் விசுவாசத்துக்கு அட்டை தேவை என்றால், அட்டை இல்லாவிட்டால் இவர் வர மாட்டார் என்று கடைக்காரரே நினைக்கிறார் என்று அர்த்தம்.

அப்படியானால் ஆயுள் அந்தஸ்தே வேண்டாமா? அப்படியும் இல்லை. ஆபீஸ் காசில், எப்படியும் தங்கியாக வேண்டிய இரவுகளில் தானாக வந்து சேர்ந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளலாம். இன்னும் மூன்று நான்கு இரவுதான் பாக்கி, குடும்பத்தோடு ஒரு லீவுக்கு எப்படியும் போகப் போகிறோம் என்றால் அந்த ஓட்டலிலேயே தங்கலாம். தப்பே இல்லை. ஆனால் அதற்காகவே ஒரு இரவு கூடுதலாக வீட்டை விட்டு வெளியே தூங்க வேண்டும் என்றால், அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். 'இந்த அட்டையே இல்லாவிட்டால் இன்றைக்கு ராத்திரி எங்கே தூங்குவேன்?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டால் போதும். பதில் எந்த இடமோ, அங்கேயே தூங்கலாம்.

நம் கற்பனை ஆளுக்கு ஆயுள் தங்கம் ஏற்கெனவே இருக்கிறது. அது போதும். 49 வார இறுதிகளில் பாதி நாள் எழும்பூரில் ரயில் ஏறினால்கூட, பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் கதவைத் திறந்து, "வா எய்யா, பல் தேச்சுட்டு வா, காப்பி போடுதேன்" என்று ஒரு குரல் கேட்கும். அந்த வரவேற்புக்கும் ஒரு ஆயுள் உண்டு. அது எத்தனை வருடம் என்று எந்த விதிமுறைப் புத்தகத்திலும் எழுதியிருக்காது.