தண்ணீரும் அளவோடு

தண்ணீர்ப் பந்தல் அமைத்து வழிப்போக்கர் தாகந் தீர்த்த மரபிலே வந்தவர் நாம். ஆகவே, இருதய சத்திரசிகிச்சை முடிந்து செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு கிடப்பவரின் உலர்ந்த உதட்டைக் காணும் உறவினர், "இன்னும் ஒரு போத்தல் சேலைன் ஏற்றினால் என்ன?" என்று கலங்குவது இயல்பே. இச்சிகிச்சை இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலேயே நடைபெறுவதால், இக்கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது.

வினா எளிது; விடை எளிதன்று. சத்திரசிகிச்சையின்போது இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக இயங்கும் இயந்திரத்தினூடாகக் குருதி ஓடியபின், நுண்ணிய குருதிக் குழாய்கள் கசியத் தொடங்கும். அதனால் முகம் வீங்கியிருக்கும்போதே குழாய்களுள் நீர் போதாமலும் இருக்கலாம். குருதியமுக்கம் குறைவதற்கோ நீர்க்குறைவு ஒன்றே காரணமன்று. இருதயத் தசை களைத்திருக்கலாம், குழாய்கள் தளர்ந்திருக்கலாம், இருதயத்தைச் சூழக் குருதி தேங்கி அதனை நெருக்கலாம். களைத்த இருதயத்துக்கு மேலும் நீர் ஏற்றினால் அது நுரையீரலில் தேங்கும்; நோயாளி கருவியினின்று விடுபடும் நாள் பிந்தும்.

மருதனார்மடத்துச் செம்மண்ணிலே வெங்காயம் செய்யும் கமக்காரர், தாள் வாடியதைக் கண்டவுடன் தண்ணீர் கட்டுவதில்லை. மண்ணைக் கிளறிப் பார்க்கிறார். வேர் அழுகினாலும் தாள் வாடும் என்பது அவருக்குத் தெரியும். வைத்தியருக்கும் அத்தகைய சோதனை ஒன்று வேண்டுமன்றோ?

இருதயத்தை அண்டிய பெருநாளத்தின் அமுக்கத்தை அளந்தே நெடுங்காலம் நீரின் தேவையைத் தீர்மானித்தனர். 24 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த போல் மாரிக் என்பவரும் துணைவரும், அவ்வளவை நம்பி நீர் ஏற்றலாகாது என்று 2008இல் எடுத்துக்காட்டினர். அறியவேண்டியது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதன்று. மேலும் கொடுத்தால் இருதயம் அதனை முன்னே செலுத்துமா என்பதே.

மாணவர்கள் இங்கே கவனிக்கவேண்டும். கருவி காற்றை உள்ளே தள்ளுந்தோறும் மார்பினுள் அமுக்கம் ஏறி, இருதயத்துக்குத் திரும்பும் குருதி குறையும். நீர் போதாதவரிடத்தில் நாடித்துடிப்பின் வலிமை மூச்சுக்கு மூச்சு பெரிதும் ஏறியிறங்கும். ஆனால் நோயாளி தாமே மூச்செடுக்கத் தொடங்கினாலும், துடிப்பு ஒழுங்கு தவறினாலும் இவ்வடையாளம் பயன்படாது. இச்சிகிச்சைக்குப்பின் துடிப்பு ஒழுங்கு தவறுவதோ அடிக்கடி நிகழ்வது.

அவ்வேளை, தலைப்பக்கம் உயர்ந்திருந்த கட்டிலைத் தாழ்த்திக் கால்களை 45 பாகை உயர்த்துவர். கால்களிலுள்ள குருதியில் ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் இருதயத்தை நோக்கி வரும். ஒரு நிமிடத்துள் இருதயம் வெளியேற்றும் குருதி கூடினால், நீர் பயன் தரும் என்று கொள்ளலாம். கூடாவிடின் கட்டிலைப் பழையபடி வைத்தாற் போதும். ஒரு துளியும் ஏற்றாமலே விடை கிடைத்துவிடும்.

ஒருமுறை அளந்ததோடு பணி முடிவதில்லை. 1832இல் ஸ்கொத்லாந்தின் லீத் நகரில், வாந்திபேதியால் உயிர் போகுந் தறுவாயிலிருந்த மூதாட்டி ஒருவருக்குத் தோமஸ் லற்றா என்னும் வைத்தியர் நாளத்தின் வழியே உப்புநீர் ஏற்றினார். அவர் வியக்கத்தக்கவாறு தேறினார். வைத்தியர் அகன்றபின் பேதி மீண்டும் தொடங்கியது. சில மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. கொடுத்தபின்னும் பார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பது அன்று கிடைத்த பாடம். இன்றும் தாதியர் மணிக்கு மணி சிறுநீரை அளந்து குறிப்பது இதன்பொருட்டே.

ஆகவே, அன்பர்களே, "எத்தனை போத்தல் ஏற்றினீர்கள்?" என்று கேட்பதைவிட, "ஏற்றியபின் இருதயம் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். உதடு உலர்வதற்கு வாயினூடே செல்லும் சுவாசக் குழாயும் காரணமாகலாம். அதனை நனைக்கலாமா என்று தாதியிடம் கேளுங்கள்; அவர் இசைந்தால் ஈரப் பஞ்சு ஒன்று ஆறுதல் தரும். தாகத்தை அறிவது அன்பு; அளவை அறிவது அறிவு. நோயாளிக்கு இரண்டும் வேண்டும்.