தீவுக் காரமும் மாமல்லபுரத்து மீனும்

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் பொழுது சாயும் நேரத்தில் நடந்தால் மீன் வாசனை ஆளை இழுக்கும். கடை வாசலில் ஐஸ் மேல் வஞ்சிரம், கொடுவா, இறால், கணவாய் எல்லாம் வரிசையாக அடுக்கியிருக்கும். கை காட்டினால் போதும், எடுத்துச் சுட்டுக் கொடுப்பார்கள். மீன் நல்ல மீன், சுடுகிற கையும் நல்ல கை. ஆனால் தட்டோடு கூடவே ஒரு சிவப்பு பாட்டில் வந்து மேஜையில் உட்காரும். அங்கேதான் வில்லங்கம்.

அந்த மாதிரி பாட்டிலின் முதுகைத் திருப்பி ஒரு தடவை படித்துப் பாருங்கள். தண்ணீர், சர்க்கரை, மாவுச்சத்து, அசிட்டிக் அமிலம், நிறம் என்று ஒரு பட்டியல் இருக்கும். நடுவில் எங்கோ மிளகாயும் இருக்கும். இனிப்பும் புளிப்பும் கலந்த அந்தக் கூழைப் புது மீன் மேல் ஊற்றினால் மீனின் ருசி போய்விடும், மிளகாயின் ருசியும் வராது. கடல் ஓரத்தில் இருந்துகொண்டு இப்படிச் சாப்பிடுவது நியாயமா?

வெப்பமண்டலத் தீவுகளில் இதே மீனை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இலங்கையில் லுணுமிரிஸ். சிங்களத்தில் லுணு என்றால் உப்பு, மிரிஸ் என்றால் மிளகாய். காய்ந்த மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம், கொஞ்சம் மாசிக் கருவாடு எல்லாவற்றையும் கல்லில் இடித்து எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. ஆப்பத்துக்கு அதை விட்டால் வேறு ஜோடி இல்லை. யாழ்ப்பாணத்து இடிச்ச சம்பலில் தேங்காயும் சேரும். பிட்டு, இடியப்பம், பாண் எதற்கும் ஒத்துப்போகும். இந்தோனேசியாவின் பாலித் தீவில் சம்பல் மத்தா என்று ஒன்று. இடிப்பதே கிடையாது. வெங்காயம், ஊசி மிளகாய், எலுமிச்சைப்புல் மூன்றையும் பொடியாக அரிந்து, சூடான தேங்காய் எண்ணெயை ஊற்றிக் கலந்து, சுட்ட மீனோடு வைப்பார்கள். உலகத்தின் அந்தப் பக்கம் கரீபியனில் பார்படோஸ் போனால் சாஸ் மஞ்சளாக இருக்கும். ஸ்காட்ச் பானெட் என்ற குண்டு மிளகாயோடு கடுகும் மஞ்சளும் வினிகரும் சேர்வதால் வந்த நிறம் அது.

பெயர் வேறு, ஊர் வேறு. ஆனால் இலக்கணம் ஒன்றுதான்: மிளகாய், உப்பு, ஒரு புளிப்பு, அந்த மண்ணில் விளைகிற ஏதோ ஒரு வாசனைப் பொருள். அவ்வளவுதான்.

இன்னொரு பொதுவான விஷயம்தான் முக்கியமானது. இந்தக் காரம் சமையலுக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்வதில்லை. தட்டின் ஓரத்தில் தனியாக நிற்கிறது. எவ்வளவு வேண்டும் என்பதைச் சாப்பிடுகிறவர்தான் முடிவு செய்கிறார். டிரினிடாட்டில் 'டபுள்ஸ்' என்று ஒரு தெருவோரச் சாப்பாடு உண்டு. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழியில் பிறந்தது. பொரித்த இரண்டு மெல்லிய ரொட்டிக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறி. அங்கே சாஸ் போடும் முன்னால் எவ்வளவு காரம் என்று ஒரு பேச்சு உண்டு. 'ஸ்லைட்' என்றால் தொட்டும் தொடாமல் ஒரு கோடு. தைரியசாலிகள் கூடுதலாகக் கேட்டு வாங்குவார்கள். 'ஸ்லைட்' கேட்பவரை யாரும் கேலி செய்வதில்லை.

இங்கே நிலைமை தலைகீழ். காரம் என்றாலே பந்தயம். கண்ணில் தண்ணீர் வர வர வீடியோ எடுத்துப் போடுவதுதான் வீரம் என்று ஆகிவிட்டது. 2023-ல் 'பெப்பர் எக்ஸ்' என்ற மிளகாய் 26,93,000 ஸ்கோவில் அலகு என்று கின்னஸ் சாதனை படைத்தது. கரீபியன்காரர்கள் தினமும் தொட்டுக்கொள்கிற ஸ்காட்ச் பானெட் சுமார் 1 லட்சம் முதல் 3.5 லட்சம் வரைதான். அவர்கள் அதைத் தேடிப் பிடித்திருப்பது பழம் போன்ற அதன் வாசனைக்காக. காரத்தை மட்டும் அளக்கிறவருக்கு அந்த வாசனை தெரியாமலே போய்விடும்.

கொஞ்சம் அறிவியலும் தெரிந்துகொண்டால் நல்லது. மிளகாயின் காரம் ஒரு சுவையே அல்ல. அது ஒரு சூட்டு உணர்ச்சி. நெருப்புச் சூட்டை உணரும் அதே நரம்பு வாங்கியைத்தான் மிளகாயில் உள்ள கேப்சைசின் தட்டி எழுப்புகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் வாய் எரியும்போது செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தும் பலன் இல்லை. ஒரு வாய் தயிர் போதும். தீவுக்காரர்கள் தேங்காயைச் சேர்ப்பதும் எண்ணெய் ஊற்றுவதும் சும்மா இல்லை.

இதெல்லாம் எங்கோ தூரத்து சமாச்சாரம் என்று நினைத்தால் தப்பு. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு. 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஏராளமான தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். இன்று அந்தத் தீவில் சோற்றோடு தொட்டுக்கொள்ளும் பச்சைத் துவையலுக்கு 'ருகாய்' என்று பெயர். தக்காளி அல்லது மாங்காயோடு மிளகாய், வெங்காயம், இஞ்சி சேர்த்துச் செய்வது. அந்தப் பெயர் 'ஊறுகாய்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். அதை இடிக்கும் கல்லுக்குப் பெயர் 'கலூ'. அது எந்த மொழிச் சொல் என்று விளக்க வேண்டுமா? :-)

புதுச்சேரி மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு மணி நேரப் பயணம்தான். இங்கிருந்து கப்பலேறிப் போன ஒரு பழக்கம் கடல் கடந்தும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கிறது. புறப்பட்ட கரையிலோ மேஜையில் பிளாஸ்டிக் பாட்டில்!

இதில் வேடிக்கை என்னவென்றால் மாமல்லபுரம் கல்லின் ஊர். உளிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. இந்த ஊர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஒரு சின்ன இடிகல் செதுக்குவது இங்குள்ள சிற்பிகளுக்குப் பெரிய வேலையா? கடைக்கு ஒரு கல். வாடிக்கையாளர் கண் முன்னாலேயே இடித்துத் தரலாம். சிற்பிக்கும் வேலை, கடைக்கும் பெயர்.

பொருள்களும் கைக்கெட்டும் தூரத்தில்தான். தேங்காய், எலுமிச்சை, சின்ன வெங்காயம் செங்கல்பட்டு சந்தையிலேயே கிடைக்கும். மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் இருக்கவே இருக்கிறது. ஐந்தாறு முண்டு மிளகாயை வெந்நீரில் ஊற வைத்து, கல் உப்போடு முதலில் இடிக்க வேண்டும். உப்பு நறநறவென்று இருப்பதால் மிளகாய்த் தோல் சீக்கிரம் மசியும். பிறகு பத்து சின்ன வெங்காயம். அதை நசுக்கினால் போதும், விழுதாக்கக் கூடாது. ஒரு பிடி தேங்காய்த் துருவல். கடைசியில்தான் அரை மூடி எலுமிச்சைச் சாறு. காரம் குறைய வேண்டுமா? விதையை மட்டும் எடுத்தால் போதாது. விதை ஒட்டியிருக்கும் உள் நரம்பில்தான் காரம் அதிகம், அதையும் கிள்ளி எறிய வேண்டும்.

சாப்பிடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஏற்கெனவே மசாலா தடவிச் சிவக்கப் பொரித்த மீனுக்கு இந்தச் சம்பல் ஒட்டாது. உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டுச் சுட்ட மீன், அவித்த மரவள்ளிக்கிழங்கு, பழைய சோறு, இடியப்பம் என்று சாதுவான பண்டம் எதிரே இருந்தால்தான் காரம் எடுபடும். கடலை உருண்டை அளவு போதும். முதல் வாய் வெறும் மீன், இரண்டாவது வாய் தொட்டுக்கொண்டு. இடையில் ஒரு மிடறு மோர்.

"வெளிநாட்டுக்காரருக்குக் காரம் ஆகாதே, கடைக்காரர் எப்படித் துணிவார்?" என்று கேட்கலாம். டிரினிடாட்டின் 'ஸ்லைட்'தான் அதற்குப் பதில். தனியாகக் கிண்ணத்தில் வைத்தால் பயப்படுகிறவர் தொட மாட்டார், அவ்வளவுதானே? "தேங்காய் போட்ட சம்பல் கெட்டுப்போகுமே?" உண்மை. இந்த வெயிலில் ஒரு நாள்கூடத் தாங்காது. அன்றன்றைக்கு இடிக்க வேண்டியதுதான். மீனும் அன்றன்றைய மீன்தானே! ஊருக்கு வாங்கிப்போக வேண்டும் என்கிறவருக்கு பார்படோஸ் பாணியில் வினிகர் சேர்த்த ரகத்தைத் தனியாகச் செய்யலாம்.

வியாபாரக் கணக்கும் இதையே சொல்கிறது. 2021-22-ல் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் வெளிநாட்டவர் அதிகம் வந்தது தாஜ்மகாலுக்கு அல்ல, மாமல்லபுரத்துக்குத்தான். சுமார் 1.45 லட்சம் பேர். கொரோனா காலத்துக் கணக்குதான், இருந்தாலும் அத்தனை பேர். அவர்களுடைய ஊரிலும் கிடைக்கிற சிவப்பு சாஸை இங்கேயும் நீட்டினால் எந்தக் கடையை நினைவு வைத்துக்கொள்வார்கள்? காமர்ஸ் பாடப்புத்தகத்தில் 'ப்ராடக்ட் டிஃபரன்சியேஷன்' என்று பக்கம் பக்கமாக வரும். அதன் அர்த்தம் ஒரு கிண்ணம் சம்பலுக்குள் அடங்கிவிடும். பாட்டிலுக்குக் கொடுக்கிற காசு எங்கோ இருக்கும் தொழிற்சாலைக்குப் போகிறது. சம்பலுக்குக் கொடுக்கிற காசு வெங்காயம் விற்பவரிடமும், கல் செதுக்குகிறவரிடமும், குப்பத்தில் இடித்துத் தரக்கூடிய மகளிர் குழுவிடமும் சுற்றும்.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். பாட்டிலை மெல்ல ஓரமாகத் தள்ளிவிட்டு, "அண்ணே, மிளகாயும் வெங்காயமும் நசுக்கிக் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து தர முடியுமா?" என்று கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கேட்காமலே வரும்.